எத்தனை விநாடி பழையது பரவாயில்லை?

ஹௌராவிலிருந்து சென்னைக்கு அடுத்த வாரம் ஸ்லீப்பரில் இடம் இருக்கிறதா என்று ஒரு டிக்கெட் செயலியில் பார்க்கிறோம். 12 இடம் இருப்பதாகக் காட்டுகிறது. அதற்குக் கீழே, கண்ணில் பட்டும் படாமலும், ‘20 நிமிடங்களுக்கு முந்தைய நிலவரம்’ என்று ஒரு வரி. பெயர், வயது, கீழ்ப்படுக்கை வேண்டும் என்ற விருப்பம் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுப் பணம் கட்டப் போனால், காத்திருப்போர் பட்டியலில் 4 என்கிறது. செயலி ஏமாற்றிவிட்டது என்று கோபம் வரும். அது செய்ததெல்லாம் 20 நிமிடங்களுக்கு முன் கேட்டுத் தெரிந்துகொண்ட பதிலைத் திரும்பச் சொன்னதுதான். பதில் பழையது என்பதையும் அந்தச் சின்ன வரியில் சொல்லியிருந்தது.

ஒருமுறை தேடிப் பெற்ற பதிலைச் சிறிது காலம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதே கேள்வி மறுபடி வந்தால் மீண்டும் தேடாமல் அதையே கொடுப்பதற்கு கேஷ் என்று பெயர். அந்தப் பதில் எவ்வளவு நேரம் செல்லும் என்று குறிக்கும் எண்ணை டிடிஎல் என்பார்கள். காலாவதி நேரம் என்று நாம் சொல்லலாம். இந்த வேலையைச் செய்யும் ஒரு லைப்ரரியை ஓரளவு பழகிய நிரலாளர் ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடுவார். நூறு வரிகூட ஆகாது. பைத்தான், ஜாவா, கோ, ஜாவாஸ்கிரிப்ட் என்று எல்லா மொழிகளிலும் ஆயத்தமாகவும் கிடைக்கின்றன.

எளிதாகக் கிடைப்பதாலேயே இதைச் சுற்றி நிறையக் குழப்பமும் இருக்கிறது. கேஷ் என்றால் வேகம், காலாவதி நேரம் என்றால் அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு என்று பலர் நினைக்கிறார்கள். 60 என்றோ 300 என்றோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எவ்வளவு பழைய தகவலைப் பயனருக்குக் காட்டலாம் என்பதற்கு நிறுவனம் கொடுக்கும் ஒப்புதல் அந்த எண்ணில்தான் இருக்கிறது. அந்த ஒப்புதலை யாரிடமும் கேட்காமல் நிரலாளரே கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்குத் தொடக்கம்.

தேவை எங்கிருந்து வந்தது

இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி 1955-ல் கொல்கத்தாவை ஒட்டிய பராநகரில், மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தது. பிரிட்டனில் செய்த எச்இசி-2எம். அதன் நினைவகம் சுழலும் காந்த உருளை. கொள்ளளவு 1,024 சொற்கள். வேண்டிய சொல் படிக்கும் முனைக்குக் கீழே சுழன்று வரும்வரை இயந்திரம் காத்திருந்தாக வேண்டும். கணக்குப் போடும் பகுதி வேகமாகவும், கணக்குக்கு வேண்டியதை எடுத்துத் தரும் பகுதி மெதுவாகவும் இருக்கும் இந்தச் சிக்கல் எல்லாக் கணினிகளையும் தொடர்ந்தது. பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய, வேகமான ஒன்றை வைத்து, அடிக்கடி தேவைப்படுவதை அதில் வைத்துக்கொள்ளலாம் என்று 1965-ல் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் எழுதினார். 1968-ல் அறிவித்த ஐபிஎம் 360 மாடல் 85 அதை விற்பனைக்கே கொண்டுவந்தது.

இன்று அதே யோசனை ஒரு படி மேலே, நிரல்களுக்கு இடையில் வேலை செய்கிறது. ஒரு நிரல் தன் சொந்த நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோவிநாடி பிடிக்கும். அதே தரவு மையத்திலுள்ள இன்னொரு சர்வரைக் கேட்டுப் பதில் வாங்க அரை மில்லிவிநாடி, அதாவது 5,000 மடங்கு. அந்த இன்னொரு சர்வர் டேட்டாபேஸைக் கிளறித் தேட வேண்டுமானால் இன்னும் கூடும்.

ரயில்வே முன்பதிவைப் பாருங்கள். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள்; அந்தந்த வட்டார ரயில்களின் இருக்கைக் கணக்கு அந்தந்த மையத்தில் இருக்கும்படி அமைத்தார்கள். முன்பதிவு அலுவலகக் கவுண்டர்களில் வரிசையில் நின்றவர்கள் மட்டும் கேட்டபோது கேள்விகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருந்தது. 2002-ல் ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியதும் அந்த எல்லை போயிற்று. டிக்கெட் எடுப்பவர் ஒருவர் என்றால், இடம் இருக்கிறதா என்று சும்மா பார்ப்பவர்கள் பலர். 2014-ல் ஐஆர்சிடிசியின் புதிய தளம் வந்தபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆயிற்று. அந்தத் தளத்துக்கு அடியில் ஜெம்ஃபயர் என்ற, தரவைப் பல சர்வர்களின் நினைவகத்திலேயே பரப்பி வைத்திருக்கும் மென்பொருள் இருந்தது. சேமித்த ஒவ்வொன்றுக்கும் காலாவதி நேரம் குறிக்கும் வசதி அதிலும் உண்டு. நூறு வரி லைப்ரரிக்கும் இதற்கும் அளவில் மலையளவு வேறுபாடு இருந்தாலும், எடுக்க வேண்டிய முடிவுகள் ஒன்றுதான்.

காலாவதியும் அழிப்பும் வேறு வேறு

லைப்ரரி வெளியே காட்டும் முகம் மிகச் சிறியது. ஒரு பெயர்ச்சாவி, அதற்கான பதில், எத்தனை விநாடி என்ற எண் மூன்றையும் கொடுத்தால் வைத்துக்கொள்ளும். சாவியைக் கொடுத்துக் கேட்டால், நேரம் கடக்காதிருந்தால் பதிலைத் தரும். கடந்திருந்தால் இல்லை என்னும். வேண்டாமென்றால் ஒன்றை நீக்கலாம், அல்லது எல்லாவற்றையும் துடைத்துவிடலாம்.

முதல் குழப்பம் இங்கேயே வந்துவிடுகிறது. 60 விநாடி என்று சொன்னால் 61-ஆவது விநாடியில் அந்தப் பதில் நினைவகத்திலிருந்து மறைந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான லைப்ரரிகளில் அப்படி நடப்பதில்லை. அடுத்த முறை அந்தச் சாவியை யாராவது கேட்கும்போதுதான் நேரம் கடந்ததா என்று பார்த்து, கடந்திருந்தால் தூக்கி எறிகிறது. யாரும் கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். வெளிப்பார்வைக்கு இல்லாதது, உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

தேதி, வகுப்பு, ரயில் எண், ஏறும் இடம், இறங்கும் இடம் என்று சேர்த்துச் சாவி செய்தால் ஒரே நாளில் லட்சக்கணக்கான சாவிகள் சேரும். அவற்றில் பல மறுபடி கேட்கப்படாதவை. கேட்கும்போது மட்டும் அழிக்கும் லைப்ரரி இந்த நிலையில் நினைவகத்தைத் தின்றுகொண்டே போகும். இதற்காகச் சில லைப்ரரிகள் பின்னணியில் ஒரு துப்புரவு வேலையை அவ்வப்போது ஓட்டுகின்றன. எல்லாவற்றையும் முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே சுமையாகிவிடும் என்பதால் தனி சர்வராக ஓடும் கேஷ் மென்பொருளான ரெடிஸ் ஒரு நடுவழியைப் பிடித்தது. விநாடிக்குப் பத்து முறை, காலாவதி குறித்த சாவிகளில் இருபதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பார்க்கும். அவற்றில் கால் பங்குக்கு மேல் காலாவதியாகியிருந்தால் உடனே இன்னொரு இருபது. துல்லியம் கொஞ்சம் குறையும், நினைவகம் கட்டுக்குள் இருக்கும். ரெடிஸின் ஆவணங்கள் நெடுங்காலமாக விளக்கிவந்த முறை இது.

இத்துடன் மொத்தம் எத்தனை பதில்கள் வரை என்ற உச்சவரம்பும் வேண்டும். காலாவதி நேரம் மட்டும் இருந்து வரம்பு இல்லாத கேஷ், கூட்டம் கூடும் நாளில் நினைவகத்தை நிரப்பிவிடும். வரம்பு மட்டும் இருந்து காலாவதி இல்லாத கேஷும் உண்டு. பைத்தானுடன் வரும் எல்ஆர்யு கேஷ் அப்படித்தான். இடம் போதாதபோது நெடுநேரம் கேட்கப்படாததை வெளியேற்றுமே தவிர, பழையதாகிவிட்டது என்பதற்காக எதையும் வெளியேற்றாது. கணிதச் சார்பின் விடைக்கு அது சரியான கருவி. இருக்கை நிலவரத்துக்கு அதைப் பயன்படுத்தினால் சர்வரை நிறுத்தி ஓட்டும்வரை முதல்நாள் நிலவரமே வந்துகொண்டிருக்கலாம்.

எந்தக் கடிகாரம்?

இந்தியாவில் எந்த ஊரில் உட்கார்ந்து நிரல் எழுதினாலும், சர்வரின் நேர மண்டலம் என்று கேட்கும் இடத்தில் ‘ஆசியா/கொல்கத்தா’ என்றுதான் போடுகிறோம். சென்னைக்கோ டெல்லிக்கோ அந்தப் பட்டியலில் தனி இடம் கிடையாது. உலகம் முழுவதும் கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தொகுப்பில் அந்தப் பெயருக்கு அடியில் உள்ள வரிகளைப் படித்தால் ஒரு சிறு சரித்திரம் கிடைக்கும். 1854 முதல் ஹௌரா நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 53 நிமிடம் 20 விநாடி கூடுதல். 1870 முதல் மெட்ராஸ் நேரம், 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. 1906 ஜனவரி 1 முதல் இன்றைய ஐந்தரை மணி. இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். 1945 அக்டோபர் 15-ல் பழையபடி பின்னால் இழுத்தார்கள்.

அந்த நாள்களில் நம் லைப்ரரி ஓடிக்கொண்டிருந்ததாக வைத்துக்கொள்வோம். காலாவதி நேரம் 5 நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ‘இது இத்தனை மணிக்குச் செல்லாது’ என்று எழுதிவைக்கிறது. 1906 புத்தாண்டில் கடிகாரம் 8 நிமிடம் 50 விநாடி முன்னால் தாவுகிறது. ஒரு விநாடிக்கு முன் வைத்த பதில்கூடச் செல்லாமல் போகிறது. 1945-ல் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. 5 நிமிடம் செல்ல வேண்டிய பதில் 65 நிமிடம் செல்கிறது. இரண்டிலும் லைப்ரரியின் நிரலில் பிழை எதுவும் இல்லை. பார்த்த கடிகாரம்தான் தவறு.

இன்றைய கணினிகள் உள்ளுக்குள் கிரீன்விச்சை ஒட்டிய விநாடிக் கணக்கையே வைத்திருக்கின்றன. நேர மண்டலம் மாறினால் அந்தக் கணக்கு மாறாது. ஆகவே உள்ளூர் நேரத்தில் காலாவதியை எழுதாமல் அந்த விநாடிக் கணக்கில் எழுதினால் முதல் ஆபத்து நீங்கிவிடும். ஆனால் அந்தக் கணக்கும் திருத்தப்படுவது உண்டு. இணையத்திலுள்ள நேரச் சர்வரைப் பார்த்துக் கணினி தன் கடிகாரத்தைச் சரிசெய்யும்; நிர்வாகி கையால் மாற்றுவார்; பூமியின் சுழற்சிக்கு ஈடாக எப்போதாவது ஒரு லீப் விநாடி சேர்ப்பார்கள். 2017 புத்தாண்டு பிறந்த கணத்தில், இந்தியாவில் அதிகாலை ஐந்தரை மணிக்கு, அப்படிச் சேர்த்த ஒரு விநாடியால் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையில் ஒரு பகுதி தடுமாறியது. இரண்டு நேரங்களுக்கு இடையிலான வித்தியாசம் ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று நம்பி எழுதிய நிரல் அது. போயிற்று.

இதற்கான தீர்வு எல்லா இயங்குதளங்களிலும் இருக்கிறது. இப்போது மணி என்ன என்பதைச் சொல்லாமல், ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எவ்வளவு நேரம் கடந்தது என்பதை மட்டும் சொல்லும், பின்னால் போகவே போகாத மோனோடோனிக் கடிகாரம். பைத்தானில் 3.3 பதிப்பிலிருந்து அது உண்டு, ஜாவாவில் நானோடைம், கோ மொழி 2017 ஆகஸ்டில் வந்த 1.9 பதிப்பில் அதைத் தன் நேர வகைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. காலாவதிக்கு வேண்டியது கடந்த கால அளவுதான் என்பதால் இந்தக் கடிகாரமே பொருத்தம். ஒரு லைப்ரரியை எடுக்கும்முன் அதன் மூல நிரலில் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது என்று தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எண்ணின் அலகையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. சிலவற்றில் விநாடி, சிலவற்றில் மில்லிவிநாடி. ரெடிஸைப் போன்ற மற்றொரு கேஷ் சர்வரான மெம்கேஷ்டில் இன்னொரு பொறி இருக்கிறது. 30 நாள் வரையிலான எண்ணை ‘இன்னும் இத்தனை விநாடி’ என்று எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் 1970-லிருந்து எண்ணிய ஒரு குறிப்பிட்ட தேதி என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் தாராளமாக 31 நாள் என்று விநாடிக் கணக்கில் கொடுத்தால் அது 1970 பிப்ரவரி 1 ஆகிவிடும். வைத்த உடனேயே காலாவதி.

எழுதியதிலிருந்தா, கேட்டதிலிருந்தா?

காலாவதியை எங்கிருந்து எண்ணுவது என்பதில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. பதிலை எழுதிய நேரத்திலிருந்து எண்ணுவது ஒன்று. கடைசியாக யாராவது கேட்ட நேரத்திலிருந்து எண்ணுவது இன்னொன்று. ஜாவாவில் பரவலாகப் புழங்கும் குவாவா, கஃபீன் இரண்டும் இரு வகைகளையும் தருகின்றன. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவது சுலபம்.

பயனர் உள்நுழைந்த அமர்வுக்கு இரண்டாவது வகை பொருந்தும். அவர் இயங்கிக்கொண்டிருக்கும்வரை வைத்திருக்கலாம், கை ஓய்ந்தபின் விடலாம். மாறிக்கொண்டே இருக்கும் தகவலுக்கு இதே வகை கெடுதல் செய்யும். கோரமண்டல் எக்ஸ்பிரஸின் நிலவரத்தை விநாடிக்குப் பத்துப் பேர் கேட்கிறார்கள் என்றால், ஒவ்வொரு கேள்வியும் காலாவதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும்; அந்தப் பதில் ஒருநாளும் புதுப்பிக்கப்படாது. யாரும் சீண்டாத ரயிலுக்கு நிலவரம் சரியாக இருக்கும், ஊரே மோதும் ரயிலுக்குத் தவறாக இருக்கும். சோதனைச் சூழலில் ஒருவர் இருவர் கேட்பதால் இந்தக் கோளாறு அங்கே தலைகாட்டவே காட்டாது.

எல்லாரும் ஒரே கணத்தில்

தட்கல் முன்பதிவு ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவானதாக ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. இத்தகைய நெருக்கடியில் சாதாரண கேஷின் பலவீனம் வெளிப்படும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ரயிலின் நிலவரத்தை விநாடிக்கு 5,000 பேர் கேட்கிறார்கள். கேஷில் இருக்கும்வரை டேட்டாபேஸுக்கு எந்தச் சுமையும் இல்லை. 60-ஆவது விநாடியில் பதில் காலாவதியாகிறது. டேட்டாபேஸிலிருந்து புதிய பதிலை வாங்க 0.4 விநாடி ஆகும். அந்த 0.4 விநாடிக்குள் வரும் 2,000 கேள்விகளும் கேஷ் காலியாக இருப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக டேட்டாபேஸை நோக்கி ஓடுகின்றன. 2,000 பேர் ஒரே கேள்வியைக் கேட்டதால் டேட்டாபேஸ் திணறி, 0.4 விநாடி 4 விநாடியாகிறது. அதற்குள் இன்னும் பல ஆயிரம் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். சுமையைக் குறைக்க வைத்த கேஷ், சுமையைச் சேர்த்துவைத்து மொத்தமாக இறக்குகிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2010 செப்டம்பர் 23-ல் ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியதற்குக் காரணம், கேஷிலிருந்த ஒரு தவறான அமைப்பு மதிப்பைச் சரிசெய்ய எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸைப் போய் மொய்த்ததுதான். பின்னர் அதே நிறுவனம், பதில் இல்லாதபோது டேட்டாபேஸுக்குப் போகும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. அதனால் இப்படி மொய்க்கக்கூடிய சாவிகளுக்கான உச்சநேர டேட்டாபேஸ் கேள்விகள் விநாடிக்கு 17,000-லிருந்து 1,300 ஆகக் குறைந்தன என்று 2013-ல் ராஜேஷ் நிஷ்டலா முதலானோர் எழுதிய ஆய்வுரை சொல்கிறது.

சிறிய லைப்ரரிக்கும் இதே மருந்து போதும். சாவிக்கு ஒரு லாக். முதலில் வந்த த்ரெட் போய் வாங்கி வரட்டும், மற்றவை அதன் பதிலைப் பகிர்ந்துகொள்ளட்டும். காத்திருக்க வைக்க விருப்பமில்லை என்றால், புதிய பதில் வரும்வரை காலாவதியான பழைய பதிலையே இன்னும் சில நொடி கொடுக்கலாம். சர்வர் எழுந்தவுடன் ஆயிரக்கணக்கான சாவிகளை ஒன்றாக நிரப்பினால் அவை ஒன்றாகவே காலாவதியாகும். ஆகவே 60 என்பதற்குப் பதில் 55-க்கும் 65-க்கும் இடையில் ஏதோ ஒரு எண்ணைத் தோராயமாகப் போட்டால் நெரிசல் பரவிவிடும். நீங்கள் எடுக்கும் லைப்ரரியில் இந்த வசதி இல்லையென்றால், அது கூட்டமில்லாத இடத்துக்கு மட்டுமே உரியது.

எண்ணை யார் சொல்வது?

பால் திரிந்தால் முகர்ந்தே தெரிந்துகொள்ளலாம். தரவு திரிந்தால் பார்வைக்கு அப்படியே இருக்கும். 12 என்ற எண் சரியாக இருந்தபோதும் 12, தவறானபின்னும் 12. காலாவதி நேரம் முடியும்வரை பதில் சரியானது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. வைத்த மறுவிநாடியே அது தவறாகிவிட்டிருக்கலாம். தவறு நேர்ந்தால் அது இவ்வளவு நேரத்துக்கு மேல் நீடிக்காது என்பதே அந்த எண் தரும் ஒரே உத்தரவாதம்.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, ‘தவறான பதில் எவ்வளவு நேரம் வெளியே இருந்தால் யாருக்கு என்ன நட்டம்?’ என்பது. ரயில் நிலையங்களின் பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். 2018-ல் முகல்சராய், பண்டிட் தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பாயிற்று. 2019-ல் சென்னை சென்ட்ரலின் பெயர் நீண்டது. பெயர்களும் மாறத்தான் செய்கின்றன. ஆனாலும் ஒருநாள் பழைய பெயர் தெரிந்தால் யாருக்கும் பெரிய நட்டமில்லை; 24 மணி நேரம் வைக்கலாம். கட்டணம் அப்படியல்ல. 2025 ஜூலை 1-ல் கட்டணம் உயர்ந்ததுபோல, மாறும் தேதி முன்கூட்டியே தெரியும். நீண்ட காலாவதி வைத்துக்கொண்டு, அந்த நள்ளிரவில் கட்டணங்கள் முழுவதையும் வெளிப்படையாகத் துடைத்துவிடுவதே முறை. மாற்றம் எப்போது என்று தெரிந்த இடத்தில் நேரத்தை நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை. ஓடும் ரயில் இப்போது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இருக்கை நிலவரத்துக்கு ஒரே எண் போதாது. இரண்டு மாதம் கழித்துப் போக நினைத்து இப்போது சும்மா பார்ப்பவருக்குப் பத்து நிமிடப் பழைய நிலவரம் போதுமானது. பக்கத்தில் அதன் வயதையும் காட்டிவிட்டால் நேர்மையாகவும் இருக்கும். தட்கல் காலையில் அதே பத்து நிமிடம் பயனற்றது. சில விநாடிக்கு மேல் கூடாது. பணம் கட்டும் பொத்தானை அழுத்தும்போது கேஷைப் பார்க்கவே கூடாது. கணக்கு வைத்திருக்கும் டேட்டாபேஸை நேரடியாகக் கேட்டாக வேண்டும். ஒரே தகவல், ஒரே பயணி. பார்க்கும் கட்டத்தில் ஒரு பொறுமை, பணம் கொடுக்கும் கட்டத்தில் வேறு. இதை நிரலாளர் ஊகிக்க முடியாது. டிக்கெட் விற்பவரிடமும், புகார்களை வாங்குபவரிடமும் கேட்க வேண்டும். கேட்டுப் பெற்ற எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரி எழுதிவைத்தால், மூன்று வருடம் கழித்து அந்த நிரலைத் திறப்பவர் அதை அனாவசியமாக 3,600 ஆக்க மாட்டார்.

‘இல்லை’ என்பதும் ஒரு பதில்தான். இல்லாத ரயில் எண்ணை யாரோ மீண்டும் மீண்டும் கேட்டால், ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைத் தேடவிடாமல் அந்த ‘இல்லை’யையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாக அறிவித்த சிறப்பு ரயில் அந்த ‘இல்லை’க்குள் மறைந்துபோகாதபடி, அதன் காலாவதி மிகக் குறுகியதாக இருக்கட்டும்.

சிறிய லைப்ரரியின் எல்லை

நிரலுக்குள்ளேயே இருக்கும் கேஷ் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் சொந்தம். இதே சேவை நான்கு பிரதிகளாக ஓடினால் நான்கு கேஷ்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு கணத்தில் நிரம்பியவை. பயனர் பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க 12, 9, 12, 7 என்று எண் தாவும். இது உறுத்தாத இடங்களில் நூறு வரி லைப்ரரியே தாராளம். உறுத்தும் இடங்களில்தான் எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவான ரெடிஸோ மெம்கேஷ்டோ தேவை. அதற்கு விலையாக, ஒவ்வொரு கேள்விக்கும் அந்த அரை மில்லிவிநாடிப் பயணத்தை ஏற்றுக்கொள்கிறோம். சர்வரை நிறுத்தி எழுப்பினால் உள் கேஷ் முழுதாக மறைந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. மறைந்தால் நட்டம் என்று கருதும் எதையும் அதில் வைக்கவே கூடாது.

சாவி செய்வதில் கவனம் குறைந்தால் பழைய தகவலைவிட மோசமானது நேரும். பதில் யாருக்கானது என்பதைச் சாவியில் சேர்க்க மறந்தால் ஒருவருடைய பதில் இன்னொருவருக்குப் போகும். 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையில், வேறு அடுக்கிலிருந்த கேஷ் அமைப்பின் பிழையால் சுமார் 34,000 பேரின் பக்கங்கள் மற்றவர்கள் கண்ணில் படக்கூடியதாக ஆயின. காலாவதி நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தத் தவற்றை அது தடுக்காது.

ஆகவே ஒரு கேஷ் லைப்ரரியைத் தேர்ந்தெடுக்க உட்காரும் குழு, வேக ஒப்பீட்டுப் பட்டியல்களைப் பார்க்கும்முன் தன் தாளில் சிலவற்றை எழுதிக்கொள்வது நல்லது. இந்தத் தகவல் எவ்வளவு நேரம் தவறாக இருந்தால் பொறுக்கலாம், அதைச் சொன்னவர் யார், எழுதியதிலிருந்து எண்ணுகிறோமா, கேட்டதிலிருந்தா, எந்தக் கடிகாரம், எல்லாரும் ஒன்றாக வந்தால் யார் போய் வாங்கி வருவது, நிரம்பினால் எது வெளியேறும். இவற்றில் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காத தகவலுக்கு கேஷ் போடாமல் விட்டுவிடலாம். மெதுவாக வரும் பக்கத்தைப் பற்றி அன்றைக்கே புகார் வந்துவிடும், காரணத்தைத் தேடிச் சரிசெய்யலாம். வேகமாக வரும் பழைய பதிலைப் பற்றிப் புகார் வர மாதக்கணக்காகும். வந்து சர்வரைப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அதற்குள் அது காலாவதியாகியிருக்கும்.